லீஹை நாட்குறிப்பு: அலுவலகத்தில் ஒரு கோப்பை காபி

ஞாயிறு

சால்ட் லேக் சிட்டியில் இறங்கி லீஹை வந்து சேர்ந்தாயிற்று. ஆக்டனிலிருந்து ப்ரோவோ வரை ஓடும் ஃப்ரண்ட்ரன்னர் ரயில் இந்த ஊரில் நிற்கும். ஞாயிறன்று மட்டும் அது ஓடுவதில்லை. அதனால் டாக்சி. தெற்கே வரும்போது இடப்பக்கம் முழுக்க வாசாட்ச் மலைத்தொடர், உச்சியில் இன்னும் பனி. ஊருக்குள் திரும்பியதும் பல கடைகள் பூட்டிக் கிடந்தன. வெள்ளைச் சட்டையும் டையும் போட்ட சின்னப் பையன்கள் சபைக் கூட்டம் முடிந்து வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தார்கள்.

அமெரிக்காவின் இந்த யூட்டா மாநிலத்தில் மார்மன் சபையைச் சேர்ந்தவர்கள் அதிகம் என்பது தெரிந்ததுதான். சபையின் முழுப்பெயர் இயேசு கிறிஸ்துவின் பிற்காலப் பரிசுத்தவான்கள் சபை. லீஹை, ஓரம், ப்ரோவோ எல்லாம் அடங்கிய யூட்டா கவுன்டியில் அவர்கள் இன்னும் அடர்த்தி. மது, புகையிலை, தேநீர், காபி நான்கும் அவர்களுக்கு விலக்கு.

அலுவலக வேலையாக வந்திருக்கிறேன். ஓய்வுபெற்ற தம்பதியின் வீட்டில் கீழ்த்தளத்தை வாடகைக்கு எடுத்திருக்கிறேன். பெட்டியை வைத்துவிட்டு மேலே போனதும் அந்த அம்மா முதலில் கேட்டது, "நீங்கள் காபி குடிப்பீர்களா?" என்றுதான். ஆமாம் என்றேன். அலமாரியைத் திறந்து காட்டினார். சின்ன டிரிப் மெஷின், வடிதாள் கட்டு, வாய் மடித்து கிளிப் போட்ட பொடிப் பாக்கெட். மெஷினின் பக்கவாட்டில் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டியிருந்தது. எத்தனை கோடு தண்ணீருக்கு எத்தனை கரண்டி என்று பென்சிலால் எழுதி, ஒரு எண்ணை அடித்து, பக்கத்தில் வேறு எண். முன்பு தங்கிய யாரோ "கொஞ்சம் தண்ணியாக இருக்கிறது" என்றாராம், அதனால் திருத்தினாராம். எழுபது வயது தாண்டியவர். வாழ்நாளில் ஒரு வாய் காபி குடித்ததில்லை.

ருசி பார்க்காமல் ஒருவருக்காகப் பக்குவம் பார்த்துப் பார்த்துச் செய்வதை நைவேத்தியத்தில்தான் கண்டிருக்கிறேன். அந்தச் சீட்டைப் பார்த்தபோது அதுதான் நினைவுக்கு வந்தது.

அவர்கள் இருவரும் குடித்தது போஸ்டம். கோதுமைத் தவிட்டையும் கரும்புப் பாகையும் வறுத்துச் செய்த பொடி. சி. டபிள்யூ. போஸ்ட் என்பவர் 1895-இல் காபிக்கு மாற்றாக விற்கத் தொடங்கியது. யூட்டா வீடுகளில் இரண்டு மூன்று தலைமுறை இதைத்தான் காலையில் குடித்திருக்கிறது. 2007-இல் கிராஃப்ட் நிறுவனம் தயாரிப்பை நிறுத்தியபோது கடையில் மிச்சமிருந்த ஜாடிகளை எல்லாம் வாங்கி அடுக்கிவைத்ததாகப் பெரியவர் சொன்னார். அப்புறம் வேறொரு சிறிய நிறுவனம் மறுபடி கொண்டுவந்துவிட்டது. எனக்கும் ஒரு கோப்பை தந்தார்கள். கருகிய ரொட்டி ஓரத்தின் மணம், லேசான இனிப்பு. நன்றாகத்தான் இருந்தது.

திங்கள்

முதல் நாள் அலுவலகம். நெடுஞ்சாலையை ஒட்டி வரிசையாகக் கண்ணாடிக் கட்டடங்கள். இந்தப் பகுதியை சிலிக்கான் ஸ்லோப்ஸ் என்கிறார்கள். 2009-இல் ஓரம் நகரத்து ஆம்னிச்சர் நிறுவனத்தை அடோபி வாங்கியது, பிறகு லீஹையில் பெரிய வளாகம் கட்டியது. அதைத் தொடர்ந்து மற்றவர்களும் வந்தார்கள். கலிபோர்னியா, டெக்சாஸ், இந்தியா என்று எல்லாத் திசையிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். காபி குடிப்பவர்களும் அவர்களோடுதான் வந்தார்கள்.

ஓர் ஊரின் அலுவலகத்தைப் புரிந்துகொள்ள நான் முதலில் போய் நிற்பது பேன்ட்ரியில். இங்கே நடுவில் நீளமான மேடை. அதன்மேல் சோடா மெஷின், பல குழாய்கள். பக்கத்தில் ஐஸ் மெஷின். கட்டிக் கட்டியான ஐஸ் இல்லை, பொறுபொறுவென்று மெல்லக்கூடிய சின்னச் சின்ன உருண்டைகள். இந்த ஊர்க்காரர்களுக்கு அந்த ஐஸ் மேல் அப்படி ஒரு பிரியம். ஹாட் சாக்லேட் பொட்டலங்கள் வகை வகையாக. மூலிகைத் தேநீர்ப் பைகளும் உண்டு, தேயிலை கலக்காதது என்பதால் அதற்குத் தடையில்லை. காபி மெஷின் மேடையில் இல்லை. பின்வாசல் பக்கம், மைக்ரோவேவுக்கும் குப்பைத்தொட்டிக்கும் நடுவே ஒரு தனி மேசையில் இருந்தது. நல்ல மெஷின், புதுப் பொடி, யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் காபி வேண்டுமென்றால் எல்லோருடைய மேசையையும் தாண்டி நடந்து, கையில் கோப்பையோடு அதே வழியில் திரும்ப வேண்டும்.

மெஷினைச் சுற்றி நின்றவர்கள் நான்கைந்து பேர். மெக்சிகோவிலிருந்து வந்த கத்தோலிக்கப் பெண், சியாட்டில்காரர் ஒருவர், ஹைதராபாத் தம்பி ஒருவர். பதினொரு மணிக்கு அங்கே கூடுவது அவர்களுக்கு வழக்கமாகிவிட்டது. மற்ற இடங்களில் காபி மெஷின் என்பது எல்லாப் பிரிவும் கலக்கும் இடம். இங்கே வெளியூர்க்காரர்கள் ஒரு பக்கமும் உள்ளூர்க்காரர்கள் ஒரு பக்கமுமாகத் தானாகவே பிரிந்துவிடுகிறார்கள். யாரும் யாரையும் ஒதுக்கவில்லை, முகம் சுளிக்கவில்லை. ஆனாலும் பதவி உயர்வு, புது ப்ராஜெக்ட் போன்ற பேச்செல்லாம் சோடா மேடையில் நடக்கின்றன. காபி மேசைக்குச் செய்தி மறுநாள்தான் வருகிறது. இதைச் சொன்னவர் அந்த மெக்சிகோ பெண்.

மாலை ஐந்துக்கு மேல் கூட்டம் கிடையாது. திங்கள் மாலை மார்மன் குடும்பங்களில் வீட்டோடு உட்கார்ந்து வாசிப்பதும் விளையாடுவதும் வழக்கம். இது எனக்கு மிகவும் பிடித்தது.

செவ்வாய்

மூன்று மணிக்கு மேனேஜர் வந்து "சோடா வாங்கப் போகிறோம், வருகிறீர்களா?" என்றார். நம்மூர் அலுவலகத்தில் டீக்கடைக்குக் கிளம்புவதன் இடத்தில் இங்கே இதுதான். ஒரு காரில் ஐந்து பேர் ஏறினோம்.

ஸ்விக் என்ற கடை. 2010-இல் யூட்டாவின் தென்கோடியில், செயின்ட் ஜார்ஜ் நகரத்தில் நிக்கோல் டானர் என்ற பெண் தொடங்கியது. கார் வரிசை சாலை வரை நின்றது. கல்லூரி வயதுப் பிள்ளைகள் டேப்லெட்டோடு ஒவ்வொரு கார் ஜன்னலுக்கும் வந்து ஆர்டர் எடுத்தார்கள். டாக்டர் பெப்பரில் தேங்காய் சிரப் ஊற்றினால் அது 'டர்ட்டி' டாக்டர் பெப்பர். டயட் கோக்கில் தேங்காய், எலுமிச்சை பிழிந்து, மேலே க்ரீம். நான் வாங்கியது இதைத்தான். க்ரீம் கறுப்புக்குள் வெள்ளைப் புகையாக இறங்க, ஐஸ் சலசலக்க, கோப்பையைக் கையில் தந்தார்கள். பெரிய கோப்பை 44 அவுன்ஸ், கிட்டத்தட்ட 1.3 லிட்டர். இந்த 'டர்ட்டி' என்ற பெயருக்காகவே ஸ்விக் நிறுவனம் போட்டிக்கடையான சோடாலிஷியஸ் மேல் 2015-இல் வழக்குப் போட்டது. பிறகு சமாதானமாகிவிட்டார்கள்.

காரில் திரும்பும்போது கேட்டேன்: டயட் கோக்கிலும் கஃபீன் இருக்கிறதே? சிரிக்காமல், பொறுமையாகப் பதில் சொன்னார்கள். நிறையப் பேர் இதைக் கேட்டுவிட்டார்கள் போல. விலக்கு கஃபீனுக்கு இல்லை, காபிக்கும் தேயிலைக்கும்தான். 2012-இல் சபையே அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதற்கு முன் கோலாவும் கூடாது என்று வளர்ந்த குடும்பங்கள் உண்டு. ப்ரோவோவில் சபை நடத்தும் பிரிகாம் யங் பல்கலைக்கழக வளாகத்தில் கஃபீன் கலந்த சோடா விற்கத் தொடங்கியது 2017 செப்டம்பரில்தான். 2019-இல் சபையின் இளைஞர் இதழ் ஐஸ் காபி, லாட்டே, மோக்கா, கிரீன் டீ எல்லாமே விலக்குக்குள் வரும் என்று எழுதியது. அதாவது சூடு ஆறிவிட்டால் காபி காபி இல்லை என்று ஆகிவிடாது.

12 அவுன்ஸ் டயட் கோக்கில் சுமார் 46 மில்லிகிராம் கஃபீன், 8 அவுன்ஸ் காபியில் சுமார் 95. இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு அவர்களை மடக்க வெளியூர்க்காரர்கள் முயல்வதை இன்றும் பார்த்தேன். எனக்கு அது சரியாகப் படவில்லை. விரதம் இருப்பவரிடம் கலோரிக் கணக்கு கேட்பதில் என்ன நியாயம்? வாக்குக் கொடுத்திருக்கிறார்கள், அதைக் காப்பாற்றுகிறார்கள்.

புதன்

மழை. மதியம் பேன்ட்ரியிலேயே சாப்பிட்டோம். எதிரில் உட்கார்ந்தவர் டேட்டாபேஸ் பிரிவில் மூத்தவர். பத்தொன்பது வயதில் இரண்டு வருடம் பிரேசிலில் வீடு வீடாகப் போய்ச் சபை ஊழியம் செய்தவர். காபி விளையும் நாடு. கதவைத் தட்டினால் முதலில் வருவது சின்னக் கோப்பையில் காபி, வேண்டாம் என்றால் வீட்டுக்காரர் மனம் கோணும். அந்த இரண்டு வருடத்தில் போர்ச்சுகீசிய மொழியோடு சேர்த்து, மனம் நோகாமல் மறுப்பதையும் கற்றுக்கொண்டேன் என்றார். தண்ணீர் கொடுங்கள், ரொம்பத் தாகம் என்று உடனே வாங்கிக் குடித்துவிடுவாராம். சபையில் சேர்ந்த பிரேசில்காரர்கள் வறுத்த பார்லிப் பொடியைக் கலந்து தருவார்களாம். அந்த மணம் இன்னும் மறக்கவில்லை என்றார்.

இந்த விலக்கு எப்படி வந்தது என்றும் அவரே சொன்னார். 1833 பிப்ரவரி 27, ஓஹையோவின் கர்ட்லண்ட். ஒரு கடைக்கு மேலிருந்த சின்ன அறையில், சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித் சீடர்களுக்குப் பாடம் நடத்துவார். அறை முழுக்கச் சுருட்டும் பைப்பும், தரையெல்லாம் புகையிலை எச்சில். அதைக் கழுவித் துடைத்தவர் அவர் மனைவி எம்மா. அந்தச் சூழலில் வந்த அருள்வாக்கில் காபி, தேநீர் என்று பெயர் சொல்லாமல் 'சூடான பானங்கள்' கூடாது என்றுதான் இருந்தது. அது தேநீரும் காபியும்தான் என்று 1842-இல் அவருடைய அண்ணன் ஹைரம் விளக்கம் சொன்னார். ஆரம்பத்தில் அது கட்டளையில்லை, அறிவுரை. 1847-இல் பிரிகாம் யங் தலைமையில் சால்ட் லேக் பள்ளத்தாக்குக்கு வந்தவர்களின் வண்டிகளில் காபியும் இருந்திருக்கிறது. ஹீபர் ஜே. கிராண்ட் தலைவராக இருந்த காலத்தில், 1920களின் தொடக்கத்தில்தான் ஆலயத்துக்குள் (ஞாயிறு கூட்டம் நடக்கும் கட்டடம் இல்லை, திருமணம் போன்ற சடங்குகளுக்கான தனி இடம்) நுழையும் அனுமதிச் சீட்டுக்கு இது கட்டாய நிபந்தனையானது.

அந்தச் சீட்டு எவ்வளவு பெரிய விஷயம் என்பது எனக்கு மறுநாள்தான் புரிந்தது.

வியாழன்

இன்றைக்கு நடந்ததை அவருடைய சம்மதத்தோடு, அடையாளம் தெரியாதபடி எழுதுகிறேன்.

டீமில் ஒருவர் எப்போதும் கறுப்பு ஸ்டீல் ஃபிளாஸ்க் வைத்திருப்பார். மூடியைத் திறந்து உடனே மூடிவிடுவார். மூன்று நாள் பக்கத்தில் உட்கார்ந்த எனக்கு அதில் என்னவென்று தெரியாமல் இருக்குமா? மணம் காட்டிக்கொடுத்துவிடும். நான் ஒன்றும் கேட்கவில்லை. மதியம் கார் நிறுத்துமிடத்தில் நடக்கும்போது அவராகவே சொன்னார். "வீட்டில் போட்டு, காரிலேயே ஃபிளாஸ்க்கில் ஊற்றிக்கொள்வேன். அந்த மெஷின் பக்கம் போக மாட்டேன்."

பிறந்து வளர்ந்தது ஓரம். தாத்தாவுக்குத் தாத்தா காலத்திலிருந்து சபைக் குடும்பம். நம்பிக்கை கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுவிட்டது. மனைவிக்குத் தெரியும், அப்பா அம்மாவுக்குத் தெரியாது. சபைக்குப் போகாமல் இருந்தால் உடம்பு சரியில்லை, வேலை அதிகம் என்று ஏதாவது சொல்லலாம். கையில் காபிக் கோப்பை இருந்தால் ஒன்றும் சொல்ல வேண்டியதே இல்லை, பார்த்தவுடனே தெரிந்துவிடும்.

அலுவலகத்தில் தெரிந்தால் என்ன, அது வேலை செய்யும் இடம்தானே என்றேன். அப்போதுதான் இந்த ஊரின் அமைப்பை விளக்கினார். மார்மன் சபையில் உள்ளூர் அளவில் சம்பளம் வாங்கும் பாதிரியார் கிடையாது. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் வார்டு என்று ஓர் அமைப்பு, அதற்கு ஒரு பிஷப். அவர் பல் மருத்துவராக இருக்கலாம், புரோகிராமராக இருக்கலாம். சுமார் ஐந்து வருடம் ஊதியமில்லாமல் அந்தப் பொறுப்பைச் சுமப்பார். இவருடைய வார்டு பிஷப் இதே கட்டடத்தில், ஒரு மாடி மேலே, கணக்குப் பிரிவில் வேலை செய்கிறார். ஆலயச் சீட்டுக்காக இரண்டு வருடத்துக்கு ஒருமுறை உட்காரவைத்துக் கேள்வி கேட்பவர்களில் அவரும் ஒருவர். அந்தக் கேள்விகளில் உணவு, பான விலக்கைப் பற்றியும் ஒன்று உண்டு.

நமக்கு அலுவலகம் வேறு, கோயில் வேறு, தெரு வேறு. லீஹையில் மூன்றிலும் அதே முகங்கள்.

"சரி, தெரிந்தால்தான் என்ன?" என்று மறுபடி கேட்டேன். "தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது" என்றார். ஆலயத்தில் நடக்கும் திருமணத்தைச் சீட்டு உள்ளவர்கள்தான் உள்ளே போய்ப் பார்க்க முடியும். அண்ணனானாலும், ஏன், பெற்றவர்களே ஆனாலும் சீட்டு இல்லையென்றால் வெளியே காத்திருக்க வேண்டும். முன்பெல்லாம் அமெரிக்காவில் பொதுத் திருமணம் செய்துகொண்டால் ஆலயச் சடங்குக்கு ஒரு வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது. 2019-இல் அந்தக் காத்திருப்பை எடுத்துவிட்டார்கள். முதலில் எல்லோர் முன்னிலையிலும் ஒரு திருமணம், பிறகு ஆலயம் என்று செய்யலாம். தங்கையிடம் அதைக் கேட்கலாம்தான். கேட்டால் ஏன் என்று வரும். அதற்குத்தான் பயப்படுகிறார்.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. தங்கை கல்யாணத்தன்று வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அண்ணனை நினைத்துப் பார்க்க முடியவில்லை. பொய் சொல்லிச் சீட்டு வாங்கலாமே என்று ஒரு நொடி வாய்வரை வந்தது. அவரே முந்திக்கொண்டு, "பொய் சொல்லி உள்ளே போக மாட்டேன். நம்பிக்கை போனாலும் அந்த இடத்தின் மேல் மரியாதை போகவில்லை" என்றார்.

வெள்ளி

டெமோ நல்லபடியாக முடிந்தது. வந்திருந்தவர்களில் மேல் மாடிக் கணக்குப் பிரிவுக்காரரும் ஒருவர். அவர்தான் அந்த பிஷப் என்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. இனிமையான மனிதர். காபிப் பொடி தீர்ந்திருந்ததைப் பார்த்து, அவரே ஸ்டோர் அறைக்குப் போய்ப் புது டப்பா எடுத்துவந்து எனக்காகத் திறந்து வைத்தார். பொடி மூக்கில் பட்டதும், "மணம் மட்டும் எப்போதுமே பிடிக்கும்" என்றார்.

இப்படிப்பட்டவரிடமா ஒருவர் ஃபிளாஸ்க்கை மறைக்கிறார் என்று தோன்றியது. மனிதரிடம் குறையில்லை. ஒரே ஆள் மேலதிகாரி வட்டத்திலும், அண்டை வீட்டிலும், ஆன்மாவைப் பற்றிக் கேள்வி கேட்கும் நாற்காலியிலும் இருக்கும்போது, அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் மற்றவருக்குக் கூச்சம் போகாது. அந்த மெஷினை நடு மேடைக்கு, சோடாவுக்குப் பக்கத்தில் நகர்த்தச் சொல்லி மேனேஜரிடம் கேட்டிருக்கிறேன். எல்லோரும் கூடும் இடத்தில் இருந்தால் யார் எதை ஊற்றிக்கொள்கிறார்கள் என்று கவனிப்பது குறையும். யோசிக்கிறேன் என்றார்.

சனி

இன்று ரயில் உண்டு. சால்ட் லேக் சென்ட்ரலில் இறங்கினேன். பக்கத்து டிராம் நிறுத்தத்தின் பெயர் ஓல்டு கிரீக்டவுன். நூறு வருடத்துக்கு முன் இந்தத் தெருவில் கிரேக்கர்களின் காபிக் கடைகள் வரிசையாக இருந்தன. சுரங்கத்துக்கும் ரயில் பாதைக்கும் வேலை தேடி வந்த இளைஞர்களுக்குக் கடிதம் வருவதும், ஊர்ச் செய்தி தெரிவதும், வேலை கிடைப்பதும் அங்கேதான். வேலை வாங்கித் தரக் காசு பிடுங்கிய லியோனிடாஸ் ஸ்கிளிரிஸ் என்ற தரகரை விலக்க வேண்டும் என்பது 1912-இல் பிங்காம் செப்புச் சுரங்க வேலைநிறுத்தத்தின் முக்கியக் கோரிக்கைகளில் ஒன்று. அவர் விலகித்தான் போனார். இன்று அந்தக் கடைகளின் தடமே இல்லை. நகரத்தின் மற்ற பகுதிகளில் காபிக் கடைகளுக்குக் குறைவில்லை. கொட்டை வறுக்கும் மணம் பல தெருக்களில் வருகிறது. லீஹைக்கும் சால்ட் லேக்குக்கும் ரயிலில் ஒரு மணி நேரம்கூட இல்லை, ஆனால் இங்கே யார் கையிலும் யாரும் கோப்பையைத் தேடுவதில்லை.

டெம்பிள் ஸ்குவேர் வரை நடந்தேன். ஆலயத்தைக் கட்ட நாற்பது வருடம் ஆயிற்று, 1853 முதல் 1893 வரை. வடக்கே சபையின் கான்ஃபரன்ஸ் சென்டர், 21,000 பேர் உட்காரலாம். நான் பார்க்க வந்தது அந்த இடத்தில் முன்பு இருந்த டெசரட் ஜிம்னாசியத்தின் மனையை. சபை நடத்தியது, ஆனால் எல்லோரும் வந்து நீந்தலாம், விளையாடலாம். அங்கே கட்டடப் பராமரிப்புப் பொறியாளராகப் பதினாறு வருடம் வேலை பார்த்த ஃபிராங்க் மேசன், ஆலயச் சீட்டுக்குத் தகுதி பெறவில்லை என்று 1981-இல் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. சீட்டு பெறுவதற்கான தகுதிகளில் காபி, தேநீர், மது, புகையிலை தொடாதிருப்பதும் சேரும் என்று தீர்ப்பின் அடிக்குறிப்பிலேயே இருக்கிறது. 1987-இல் எல்லா நீதிபதிகளும் சபையின் பக்கமே தீர்ப்பளித்தார்கள். லாப நோக்கமில்லாத மத அமைப்பு தன் ஆட்களை மத அடிப்படையில் தேர்ந்துகொள்ளலாம், எந்த வேலை மதம் சார்ந்தது, எது இல்லை என்று நீதிமன்றம் பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை என்பது அதன் சாரம்.

இரவு வீடு திரும்பியதும் பெரியவரிடம் இதைப் பற்றிப் பேசினேன். அந்த ஜிம்மில் இளவயதில் நீந்தியிருக்கிறார். "தீர்ப்பு சரிதான். சபைக்கு வரும் பணம் மக்கள் வருமானத்தில் பத்தில் ஒரு பங்காகக் கொடுப்பது. அதில் சம்பளம் வாங்குபவர் அதே நெறியில் இருக்க வேண்டும் என்று கேட்பதில் என்ன தவறு?" என்றார். போதிப்பவர் என்றால் ஒப்புக்கொள்கிறேன், கட்டடத்தைப் பராமரித்த ஒருவர் காலையில் என்ன குடித்தார் என்பதைக்கூட இதில் சேர்க்க வேண்டுமா என்றேன். "எங்களுக்குக் கட்டடத்தைப் பார்த்துக்கொள்வதும் ஊழியம்தான்" என்றார்.

அரை மணி நேரத்துக்கு மேல் பேசினோம். அவரும் விட்டுக்கொடுக்கவில்லை, நானும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் அந்த அம்மா குறுக்கே வந்து, நாளைக்குச் சபைக்குக் கிளம்பும் முன் மெஷினில் தண்ணீர் ஊற்றி வைக்கட்டுமா, எத்தனை மணிக்கு எழுந்திருப்பீர்கள் என்று கேட்டார். ஏழு என்றேன்.